ஆபீஸ்ல ஃப்ரீயா ஜீன் டெஸ்ட், கொடுக்கலாமா? வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

போன இதழ்ல, சில கம்பெனிங்க வெல்னஸ் ப்ரோக்ராம்ங்கற பேர்ல ஊழியர்களுக்கு இலவசமா மரபணு டெஸ்ட் எடுத்துத் தராங்கன்னு ஒரு சின்ன குறிப்பு எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதங்கள பாத்தா நிறைய பேர் டெஸ்ட் கிட் ஒண்ண கையில வச்சுகிட்டு கேக்கறாங்க, சில பேர் எச்சில அனுப்பிட்டு ராத்திரி தூக்கம் வராம கேக்கறாங்க. ஒரே மாதிரி இருந்த கேள்விகள ஒண்ணா சேத்திருக்கேன். பேர், ஊர், கம்பெனி பேர் எதையும் போடல.

கேள்வி: டாக்டர், வணக்கம். எனக்கு 34 வயசு. எங்க ஹெச்ஆர்ல இருந்து மெயில் வந்திருக்கு, வெல்னஸ் ப்ரோக்ராம்ல எச்சில் கிட் ஒண்ணு தராங்களாம், கேன்சர் ரிஸ்க், ஹார்ட் ரிஸ்க் எல்லாம் தெரிஞ்சுடுமாம், மாசக் கடைசிக்குள்ள பேர் கொடுக்கணுமாம். டீம்ல எல்லாரும் கொடுத்தாச்சு, மேனேஜர் மீட்டிங்லயே "நம்ம டீம் நூத்துக்கு நூறு வரணும்"ங்கறார். எங்க அம்மா மார்பக கேன்சர்ல 44 வயசுல இறந்துட்டாங்க. சித்திக்கு ஓவரில கேன்சர் வந்து ட்ரீட்மென்ட் எடுத்து இப்ப நல்லா இருக்காங்க. எனக்கு இருக்கான்னு தெரிஞ்சுக்கணும் போலவும் இருக்கு, ஆபீஸ்ல யாருக்காவது தெரிஞ்சுடுமோன்னு பயமாவும் இருக்கு. என்ன பண்ணட்டும்?

பதில்: நேராவே சொல்லிடறேன்மா. உங்களுக்கு டெஸ்ட் தேவை, ஆனா அந்த கிட் வேண்டாம், ஆபீஸ் வழியா வேண்டவே வேண்டாம். ரெண்டும் வேற வேற விஷயம், அந்த மெயில்தான் ரெண்டையும் ஒண்ணாக்கி உங்கள குழப்புது.

ஏன் தேவைன்னா, சின்ன வயசுல அம்மாவுக்கு மார்பகத்துல, அம்மாவோட கூடப்பிறந்தவங்களுக்கு ஓவரில, இப்படி ஒரே பக்கத்து சொந்தத்துல ரெண்டும் வந்திருந்தா பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2ங்கற ஜீன்கள பாத்தே ஆகணும். அதுல கெடுதலான மாற்றம் இருக்கற பொண்ணுங்கள்ல 80 வயசுக்குள்ள மார்பக கேன்சர் வர்றது நூத்துக்கு ஏறக்குறைய 70 பேருக்கு, 2017ல வந்த பெரிய ஆய்வு ஒண்ணு சொல்ற கணக்கு இது. அமெரிக்காவுல மொத்த பொண்ணுங்கள எடுத்துக்கிட்டா நூத்துக்கு 13 பேர்தான். ஓவரி கேன்சர் பிஆர்சிஏ1 இருந்தா நூத்துக்கு 44, பிஆர்சிஏ2 இருந்தா 17, மத்தவங்களுக்கு ஒண்ணு சொச்சம். அம்மாகிட்ட அந்த மாற்றம் இருந்திருந்தா உங்களுக்கு வந்திருக்கறதுக்கு பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணன் தம்பி இருந்தா அவங்களுக்கும் அதே பாதி, அவங்க மூலமா அவங்க பொண்ணுக்கும் போகும், இத நிறைய குடும்பத்துல யோசிக்கறதே இல்ல.

கிட் ஏன் வேண்டாம்னா, எல்லா கிட்டும் அந்த ஜீன முழுசா படிக்கறது இல்ல. எச்சில் கிட் விக்கற 23அண்ட்மீ கம்பெனிக்கு 2018ல அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பிஆர்சிஏ டெஸ்டுக்கு அனுமதி கொடுத்தப்ப அது பாத்தது மொத்தமே 3 மாற்றம்தான், அதுவும் அஷ்கெனாசிங்கற ஐரோப்பிய வம்சாவளி யூதர்கள்கிட்ட அதிகமா இருக்கற 3. இந்த ஜீன்கள்ல கெடுதல் பண்ற மாற்றம்னு தெரிஞ்சதே ஆயிரக்கணக்குல இருக்கு. அப்படி ஒரு டெஸ்ட்ல "இல்ல"ன்னு வந்தா நீங்க நிம்மதியா இருந்துடுவீங்க, அந்த நிம்மதிதான் எனக்கு பயம். முழுசா படிக்கற கிட்டும் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா அந்த மெயில்ல அது எந்த வகைன்னு எழுதியிருக்கா பாருங்க, பெரும்பாலும் இருக்காது.

இன்னொண்ணு, இது முக்கியமான விஷயம். முதல்ல டெஸ்ட் எடுக்க வேண்டியது நீங்க இல்ல, உங்க சித்தி. கேன்சர் வந்தவங்ககிட்ட தேடினாதான் இந்த குடும்பத்துல என்ன கோளாறுன்னு பிடிபடும். சித்திகிட்ட ஒரு மாற்றம் கிடைச்சா, உங்ககிட்ட அதே இடத்த மட்டும் பாத்தா போதும், இல்லன்னா நிஜமாவே இல்ல, உங்க ரிஸ்க் கிட்டத்தட்ட மத்த பொண்ணுங்க மாதிரிதான். சித்திய விட்டுட்டு உங்கள மட்டும் பாத்து ஒண்ணும் இல்லன்னு வந்தா, உங்களுக்கு வரலையா, இல்ல குடும்பத்துல வேற ஏதோ ஜீன்ல இருக்கறத டெஸ்ட் பிடிக்கலையான்னு யாராலயும் சொல்ல முடியாது. எச்சில் டியூப்ப தபால்ல அனுப்பறதுல இந்த பேச்சுக்கே இடம் கிடையாது. ஒரு ஜெனடிக் கவுன்சிலர்கிட்ட உக்காந்தா முதல் அரை மணி நேரம் அவங்க பேப்பர்ல உங்க தாத்தா பாட்டில இருந்து வரைஞ்சு, வட்டம் சதுரம் போட்டு, யாருக்கு எந்த வயசுல என்ன வந்துச்சுன்னு குறிச்சுகிட்டுதான் எந்த டெஸ்ட்னே முடிவு பண்ணுவாங்க.

ஒருவேளை இருக்குன்னு வந்தா? உடனே எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நினைக்காதீங்க. வருஷா வருஷம் எம்ஆர்ஐ, மாமோகிராம், பிஆர்சிஏ1னா குழந்தை எல்லாம் ஆன பிறகு 35ல இருந்து 40 வயசுக்குள்ள ஓவரியயும் குழாயயும் எடுக்கறது, இப்படி தெளிவான வழி இருக்கு, யோசிச்சு முடிவெடுக்க நேரமும் இருக்கு. உங்க அம்மாவுக்கு இந்த வாய்ப்பு கிடைக்கல. உங்களுக்கு இருக்கு, அதனால ஆபீஸ் கிட் வேண்டாம்னு சொன்னதோட இந்த விஷயத்தயே மூடி வச்சுடாதீங்க, இந்த மாசமே சித்திகிட்ட பேசுங்க.

மேனேஜர்கிட்ட "என் டாக்டர்கிட்ட பாத்துக்கறேன் சார்"னு ஒரு வரி போதும். அம்மா விஷயம், சித்தி விஷயம் எதையும் சொல்ல வேண்டியதில்ல, மறுபடி கேட்டாலும் அதே வரிதான்.

கேள்வி: நான் அமெரிக்காவுல வேலை பாக்கறேன். ஃபார்ம்ல "வாலன்டரி"ன்னுதான் இருக்கு, ஆனா ஹெல்த் கேள்விகள முழுசா நிரப்பினா இன்சூரன்ஸ் பிரீமியம் குறையும்ங்கறாங்க. வேண்டாம்னா வேலைக்கு பாதிப்பு வருமா?

பதில்: அங்க இதுக்குன்னே சட்டம் இருக்கு, ஜீனா (GINA)ன்னு சொல்வாங்க, 2008ல வந்தது. 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற கம்பெனி உங்க மரபணு தகவல வச்சு வேலைக்கு எடுக்கறது, நீக்கறது, ப்ரமோஷன் தராம இருக்கறது எதுவும் பண்ணக்கூடாது, ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனியும் அத வச்சு பிரீமியம் ஏத்தக்கூடாது. வெல்னஸ் ப்ரோக்ராமுக்கு மட்டும் ஒரு வாசல் திறந்து வச்சிருக்காங்க: நீங்களா விரும்பி, விவரம் புரிஞ்சு, முன்கூட்டியே எழுத்துல சம்மதம் கொடுத்தா கேக்கலாம். ஆனா மரபணு தகவல் கொடுத்ததுக்காக பரிசோ தள்ளுபடியோ தரக்கூடாது.

நிறைய பேருக்கு தெரியாத விஷயம், அந்த சட்டத்துல மரபணு தகவல்னா டெஸ்ட் ரிசல்ட் மட்டும் இல்ல, குடும்பத்துல யாருக்கு என்ன வியாதிங்கறதும் அதுல சேரும். ஃபார்ம்ல "உங்க பெற்றோருக்கு சுகர் இருக்கா, ஹார்ட் அட்டாக் வந்திருக்கா"ன்னு ஒரு பக்கம் வரும் பாருங்க, அந்த பக்கத்த காலியா விட்டாலும் உங்களுக்கு அதே தள்ளுபடி கிடைக்கணும். காலியா விடுங்க, போர்ட்டல் அடுத்த பக்கத்துக்கு போக விடலன்னா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

இந்த பாதுகாப்பும் அசையாம இருக்கல. 2017 மார்ச்ல அமெரிக்க நாடாளுமன்றத்துல ஹெச்ஆர் 1313ங்கற நம்பர்ல ஒரு மசோதா வந்துச்சு, வெல்னஸ் ப்ரோக்ராம்ல மரபணு தகவல் கொடுக்காதவங்க அதிகமா பிரீமியம் கட்டற நிலைமைக்கு வழி விடற மசோதா. கமிட்டில 22க்கு 17னு பாஸும் ஆச்சு, நல்லவேளை அதுக்கு மேல நகரல. அதுக்கு முந்தின வருஷம் ஈஈஓசி, அதாவது வேலை இடத்து பாரபட்சத்த கேக்கற அரசு அமைப்பு, வெல்னஸ் ப்ரோக்ராம்ல மெடிக்கல் விவரம் கொடுக்கறவங்களுக்கு பிரீமியத்துல 30 சதவீதம் வரைக்கும் சலுகை தரலாம்னு விதி போட்டுச்சு. ஏஏஆர்பிங்கற பெரியவங்களுக்கான அமைப்பு கோர்ட்டுக்கு போச்சு, 30 சதவீதம் வரைக்கும் போனா அது எப்படி விருப்பம் ஆகும்னு ஈஈஓசி காரணம் காட்டலன்னு நீதிபதி சொல்லிட்டார், 2019 ஜனவரில இருந்து அந்த விதி செல்லாம போச்சு. எனக்கு அந்த நீதிபதி கேட்டது ரொம்ப சரியா படுது. மாச சம்பளத்துல குடும்பம் நடத்தறவருக்கு அவ்வளவு பணத்த காட்டிட்டு உன் இஷ்டம்னு சொல்றது விருப்பம் கேக்கறது ஆகாது.

இன்னும் ரெண்டு ஓட்டை இருக்கு. லைஃப் இன்சூரன்ஸ், வேலை செய்ய முடியாம போனா வர்ற டிசெபிலிட்டி இன்சூரன்ஸ், வயசான காலத்துல பராமரிப்புக்கு எடுக்கற பாலிசி, இது எதுக்கும் ஜீனா பொருந்தாது. லைஃப் இன்சூரன்ஸ்லயும் மரபணுவ பாக்கக்கூடாதுன்னு முதல்ல சட்டம் போட்ட மாகாணம் ஃப்ளோரிடா, அதுவே 2020லதான். பாலிசி எடுக்கற யோசனை இருந்தா டெஸ்டுக்கு முன்னாடியே எடுத்துடுங்க, ஃபார்ம்ல பொய் மட்டும் எழுதாதீங்க, பின்னால க்ளெய்ம்ல அது குடும்பத்த மாட்டிவிடும்.

வேற நாட்டுல இருக்கறவங்களும் கேட்டிருந்தாங்க. ஜெர்மனில 2010ல நடைமுறைக்கு வந்த சட்டப்படி முதலாளி மரபணு டெஸ்ட் கேக்கவும் கூடாது, நீங்களே ரிசல்ட்ட கொண்டு போய் கொடுத்தாலும் வாங்கவும் கூடாது. எனக்கு ரொம்ப பிடிச்ச சட்டம் இதுதான், ஏன்னா இதுல ஊழியர் "வேண்டாம்"னு சொல்லவேண்டிய சங்கடமே வராது. கனடாவுல 2017ல இருந்து எந்த ஒப்பந்தத்துக்கும் மரபணு டெஸ்ட்ட நிபந்தனையா போடறது கிரிமினல் குற்றம், 2020ல அவங்க சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும்னு சொல்லிடுச்சு.

கேள்வி: நானும் என் அண்ணனும் இரட்டைப் பிள்ளைங்க, உருவத்துல அச்சு அசல் ஒண்ணு. அவன் ஆபீஸ்ல கொடுத்த கிட்ல எச்சில் அனுப்பிட்டான், ரிப்போர்ட்ல அல்சைமர் ஜீனும் வருமாம். எங்க பாட்டி கடைசி காலத்துல பெத்த பிள்ளைங்களையே அடையாளம் தெரியாம இருந்தாங்க. எனக்கு அந்த விஷயம் தெரிஞ்சுக்க வேண்டாம். அவன் தெரிஞ்சுகிட்டா எனக்கும் தெரிஞ்ச மாதிரிதானே?

பதில்: ஆமா தம்பி, நீங்க ஒரே கருவுல இருந்து பிரிஞ்ச இரட்டையா இருந்தா அவர் ரிப்போர்ட் உங்க ரிப்போர்ட்டும்தான். உங்ககிட்ட யாரும் கையெழுத்து கேக்கல. அந்த கன்சென்ட் ஃபார்ம்ல இதுக்கு கட்டமே கிடையாது.

தெரிஞ்சுக்க வேண்டாம்னு நினைக்கறது கோழைத்தனம்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க. டிஎன்ஏவோட அமைப்ப கண்டுபிடிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரான ஜேம்ஸ் வாட்சனே, அவரோட முழு மரபணுவும் படிக்கப்பட்டப்ப, அல்சைமரோட சம்பந்தப்பட்ட ஏபிஓஈ ஜீன மட்டும் எனக்கும் சொல்லாதீங்க, வெளியிலயும் போடாதீங்கன்னு கேட்டுகிட்டார். அவர் பாட்டிக்கும் அந்த வியாதி இருந்துச்சு. 2008ல வேற சில விஞ்ஞானிங்க, அந்த ஜீன மறைச்சாலும் பக்கத்துல இருக்கற பகுதிகள பாத்தே உள்ள என்ன இருக்கும்னு ஊகிச்சுடலாமேன்னு சுட்டிக்காட்டினாங்க, அப்புறம் அத சுத்தி பெரிய பகுதியையே எடுக்க வேண்டியதா போச்சு. அவ்வளவு பெரிய விஞ்ஞானிக்கே மறைக்கறது இவ்வளவு பாடு.

அண்ணன்கிட்ட இன்னைக்கே பேசுங்க, ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடி. இந்த மாதிரி டெஸ்ட்ல அல்சைமர் பகுதிய தனியா தேர்வு பண்ணி திறக்கற மாதிரி வச்சிருப்பாங்க, அத திறக்க வேண்டாம்னு கேட்டுக்கோங்க, இல்ல அவர் பாத்தாலும் உங்ககிட்டயும் அம்மா அப்பாகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு வாக்கு வாங்கிக்கோங்க. அந்த ஜீனோட ரிஸ்க் அதிகமான வகையான ஏபிஓஈ4 இருந்தா வியாதி வந்தே தீரும்னு இல்ல, இல்லன்னா வராதுன்னும் இல்ல, அதையும் ரெண்டு பேருமே மனசுல வச்சுக்கோங்க.

இரட்டையா இல்லாதவங்களும் இத படிச்சுட்டு நமக்கு இல்லப்பான்னு நகர்ந்துட வேண்டாம். கூடப்பிறந்தவங்களோட பாதி மரபணு நமக்கும் பொது, சித்தப்பா பெரியப்பா பிள்ளைங்களோட எட்டுல ஒரு பங்கு. 2018ல கலிஃபோர்னியாவுல பல வருஷம் பிடிபடாம இருந்த ஒரு கொலைகாரன போலீஸ் கண்டுபிடிச்சது அவன் கொடுத்த டிஎன்ஏவால இல்ல, எங்கயோ இருக்கற தூரத்து சொந்தக்காரங்க ஒரு வெப்சைட்ல போட்டு வச்சிருந்த டிஎன்ஏவால. கொலைகாரன் பிடிபட்டது நல்லதுதான். ஆனா தூரத்து சொந்தம் கொடுத்த எச்சில வச்சு உங்கள அடையாளம் காண முடியும்ங்கறதும் அதுலயேதான் தெரிய வந்துச்சு.

கேள்வி: டாக்டர், நான் ஹெச்ஆர்ல இருக்கேன், கெட்ட எண்ணத்துல கேக்கல. வெண்டார் வந்து பிரசென்டேஷன் கொடுத்தாங்க, தனி ஆள் ரிசல்ட் எங்களுக்கு வராது, மொத்தமா இத்தன பேருக்கு இந்த ரிஸ்க்னு மட்டும்தான் வரும்ங்கறாங்க. ஒரு உயிராவது காப்பாத்தினா நல்லதுதானே? பெரிய கம்பெனிங்க எல்லாம் பண்றாங்களே?

பதில்: பண்றாங்க, உண்மைதான். லீவை ஸ்ட்ராஸ், எஸ்ஏபி, வீசா மாதிரி கம்பெனிங்க கலர்ங்கற கம்பெனி மூலமா கேன்சர் ஜீன் டெஸ்ட் கொடுத்தத பத்தி 2018லயே செய்தி வந்துச்சு, அதுல சில ஊழியர்களுக்கு நிஜமாவே உபயோகம் ஆகியிருக்கும், அத நான் மறுக்க மாட்டேன். உங்க எண்ணத்தயும் சந்தேகப்படல, கெட்ட எண்ணம் இருக்கறவர் எனக்கு கடிதம் எழுத மாட்டார்.

ஆனா "மொத்தமா மட்டும்தான் வரும்"ங்கறத கொஞ்சம் கிட்ட போய் பாருங்க. உங்க ரிப்போர்ட் எப்படி பிரிச்சு வரும்? ப்ராஞ்ச் வாரியா, வயசு வாரியா, ஆண் பெண் வாரியா? ஒரு ப்ராஞ்ச்ல 40 வயசுக்கு கீழ பொண்ணுங்க 6 பேர், அதுல ஒருத்தருக்கு பிஆர்சிஏன்னு ஒரு வரி வந்தா, அடுத்த மாசம் அந்த 6 பேர்ல யார் எம்ஆர்ஐக்கு லீவ் கேக்கறாங்களோ அவங்கதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இத யாரும் திருட வேண்டியதில்ல, உங்க லீவ் ரெஜிஸ்டரும் அந்த ரிப்போர்ட்டும் ஒரே மேஜைல இருந்தா போதும்.

அமெரிக்காவுல நடந்த பழைய கதையும் ரெண்டு இருக்கு, உங்க மேலிடத்துக்கு காட்டுங்க. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துல வேலைக்கு சேரும்போது எடுத்த ரத்தத்தயும் சிறுநீரயும் வச்சு, ஊழியர்களுக்கே சொல்லாம சிஃபிலிஸ் இருக்கா, பொண்ணுங்க கர்ப்பமா இருக்காங்களா, கறுப்பினத்தவர்கள்கிட்ட சிக்கிள் செல்ங்கற ரத்த நோயோட மரபணு இருக்கான்னு பாத்திருக்காங்கன்னு வழக்கு போச்சு, 1998ல மேல் கோர்ட் அந்த வழக்க நடத்தலாம்னு ஊழியர்கள் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. பர்லிங்டன் நார்தர்ன் ரயில் கம்பெனி, கை மணிக்கட்டு நரம்பு பிரச்னைன்னு நஷ்டஈடு கேட்ட தொழிலாளிங்களோட ரத்தத்த அவங்களுக்கு தெரியாம மரபணு டெஸ்டுக்கு அனுப்பினதா 2001ல ஈஈஓசி வழக்கு போட்டுச்சு, அடுத்த வருஷம் 36 பேருக்கு 22 லட்சம் டாலர்னு சமரசம் ஆச்சு. நாள் பூரா அதிர்ற மெஷின பிடிச்சு வேலை செஞ்ச கைக்கு வலி வந்தா, அது உன் ஜீன்ல இருந்து வந்த வலின்னு சொல்ல வழி தேடினாங்க. இந்த பழக்கம்தான் எனக்கு பயம். வேலை இடத்துல மாத்த வேண்டியத விட்டுட்டு ஊழியரோட ரத்தத்துல காரணம் தேட ஆரம்பிச்சா அதுக்கு முடிவே கிடையாது.

செலவு குறையும்னு ஸ்லைட் போட்டிருப்பாங்க. மரபணு டெஸ்ட்ட விடுங்க, சாதாரண வெல்னஸ் ப்ரோக்ராம்லயே அது நடக்கல. இல்லினாய் பல்கலைக்கழகத்துல கிட்டத்தட்ட 5,000 ஊழியர்கள குலுக்கல் முறைல பிரிச்சு பாத்தாங்க, பிஜேஸ் ஹோல்சேல் கடைகள்ல 160 இடத்துல 33,000 பேர்கிட்ட பாத்தாங்க, ரெண்டு ஆய்வும் 2019ல வந்துச்சு, மருத்துவ செலவுல சொல்லிக்கற மாதிரி வித்தியாசமே இல்ல.

உண்மையிலேயே நல்லது பண்ணணும்னா கம்பெனி இன்சூரன்ஸ் பாலிசில ஜெனடிக் கவுன்சிலிங்கையும், டாக்டர் எழுதற மரபணு டெஸ்ட்டையும், அதுக்கப்புறம் வருஷா வருஷம் வேண்டிய எம்ஆர்ஐயையும் சேக்கச் சொல்லி பேசுங்க. காரணம் கேக்காம ரெண்டு நாள் சம்பளத்தோட ஹெல்த் லீவ் கொடுங்க. டெஸ்ட்டுக்கு மட்டும் காசு கொடுத்துட்டு, இருக்குன்னு தெரிஞ்ச பொண்ணுக்கு அடுத்த 30 வருஷம் எடுக்கவேண்டிய ஸ்கேனுக்கு பாலிசில இடம் இல்லன்னா அது உதவியே இல்ல. எந்த ஊழியர் போனார், என்ன வந்துச்சுன்னு கம்பெனிக்கு ஒரு வரிகூட வர வேண்டாம், மொத்தமாகூட வேண்டாம்.

கேள்வி: எங்க ஆபீஸ்ல ஜீன் பாத்து "உனக்கு கொழுப்பு ஒத்துக்காது, உனக்கு மாவுச்சத்து ஒத்துக்காது"ன்னு டயட் சார்ட் தராங்க. நம்பலாமா?

பதில்: அதுக்காக எச்சில் கொடுக்காதீங்க. ஸ்டான்ஃபோர்ட்ல 609 பேர வச்சு ஒரு வருஷம் இதையே சோதிச்சு 2018ல வெளியிட்டாங்க, ஜீனுக்கு பொருத்தமான டயட்ல இருந்தவங்களுக்கும் பொருந்தாத டயட்ல இருந்தவங்களுக்கும் எடை குறையறதுல வித்தியாசமே வரல.

கேள்வி: ஆபீஸ் டெஸ்ட்ல என் ரிப்போர்ட் வந்துடுச்சு. ஒரு கேன்சர் ஜீன்ல மாற்றம் இருக்கு, அதோட அர்த்தம் தெளிவில்லன்னு போட்டிருக்கு. நெட்ல தேடி தேடி படிச்சதுல ஆபரேஷன் பண்ணிக்கலாமான்னே தோண ஆரம்பிச்சுடுச்சு. அழுகையா வருது. எனக்கு 29 வயசு.

பதில்: முதல்ல நெட்ல தேடறத நிறுத்துங்கம்மா. இத விஊஎஸ்னு சொல்வோம். உங்க ஜீன்ல ஒரு இடத்துல எழுத்து மாறியிருக்கு, அது கெடுதல் பண்ணுமா பண்ணாதான்னு சொல்ற அளவுக்கு இன்னும் ஆதாரம் சேரல, அவ்வளவுதான். காலப்போக்குல மறுபடி வகைப்படுத்தறப்ப இதுல பெரும்பாலானது "ஒண்ணும் பண்ணாது"ங்கற பக்கம்தான் போகுது. இத மட்டும் வச்சு ஆபரேஷன் பண்ணக்கூடாதுன்னுதான் எல்லா மருத்துவ வழிகாட்டுதலும் சொல்லுது, இத வச்சு ஆபரேஷனுக்கு தேதி கொடுக்கற டாக்டர் இருந்தா அவர்கிட்ட இருந்து எழுந்து வந்துடுங்க.

இன்னொரு காரணமும் சொல்றேன், உங்க உடம்புல ஏதோ விசேஷமா கோளாறுன்னு நினைச்சுக்கக்கூடாதுன்னு. உலகத்துல இதுவரைக்கும் மரபணு படிக்கப்பட்டவங்கள்ல பெரும்பாலானவங்க ஐரோப்பிய வம்சாவளி. நம்மள மாதிரி ஆசியாக்காரங்கள போதுமான அளவு படிக்கல, அதனால நம்மகிட்ட சாதாரணமா இருக்கற மாற்றம்கூட அவங்க டேட்டாபேஸ்ல "தெரியல"ன்னு வருது. நம்மகிட்ட விஊஎஸ் அதிகமா வர்றதுக்கு இதுதான் காரணம்.

அதோட, ரிப்போர்ட்ல இருந்து வந்ததா, இல்ல ரா டேட்டாவ, அதாவது கம்பெனி தர்ற அலசாத ஜீன் விவர ஃபைல, டவுன்லோட் பண்ணி வேற ஏதாவது வெப்சைட்ல போட்டு பாத்ததான்னு நீங்க எழுதல. ரெண்டாவதுன்னா இன்னும் நம்பாதீங்க. 2018ல ஒரு லேப் அந்த மாதிரி ரா டேட்டால வந்தத மறுபடி சோதிச்சப்ப நூத்துக்கு 40 அந்த ஆள்கிட்ட இல்லவே இல்ல. ஜெனடிக் கவுன்சிலர் ஒருத்தர பாருங்க, குடும்ப வரலாறு சொல்லுங்க, வருஷத்துக்கு ஒரு தடவ அந்த மாற்றத்த மறுபடி வகைப்படுத்தியிருக்காங்களான்னு கேளுங்க. குடும்பத்துல யாருக்கும் கேன்சர் இல்லன்னா உங்க வயசுக்கு மத்தவங்களுக்கு சொல்ற பரிசோதனைதான் உங்களுக்கும். உங்கள அழ வச்சது அந்த மாற்றம் இல்லம்மா, பக்கத்துல உக்காந்து விளக்க ஆளே இல்லாம ஒரு பிடிஎஃப்ப மெயில்ல தள்ளிவிட்டாங்களே, அதுதான். எனக்கு இதுலதான் கோபம் வருது.

கேள்வி: போன வருஷம் ஆபீஸ் ப்ரோக்ராம்ல எச்சில் கொடுத்துட்டேன், "ஆராய்ச்சிக்கு சம்மதம்"னும் டிக் பண்ணியிருக்கேன் போல. இப்ப வேலை மாறப் போறேன். திரும்ப வாங்க முடியுமா?

பதில்: முழுசா முடியாது, முக்கால்வாசி முடியும், அந்த முக்கால்வாசிய இப்பவே பண்ணுங்க. ஏன் அவசரம்னா இந்த கம்பெனிங்க நிலையா இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. 23அண்ட்மீ 2006ல ஆரம்பிச்சு ஒன்றரை கோடி பேரோட எச்சில வாங்கினது, 2018ல மருந்து கம்பெனி ஜிஎஸ்கே அதுல 30 கோடி டாலர் போட்டுச்சு, அந்த டேட்டால இருந்து மருந்து கண்டுபிடிக்கலாம்ங்கறதுதான் கணக்கு. 2023ல திருடங்க உள்ள புகுந்தாங்க, நேரடியா புகுந்தது சுமார் 14,000 பேர் அக்கவுன்ட்லதான், ஆனா சொந்தக்காரங்கள காட்டற வசதி வழியா போய் 69 லட்சம் பேரோட விவரத்த எடுத்துட்டாங்க. 2025 மார்ச்ல கம்பெனி திவால் மனு போட்டுச்சு, அப்ப கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரலே ஜனங்ககிட்ட உங்க டேட்டாவ அழிச்சுடுங்கன்னு அறிக்கை விட்டார். கடைசில 30 கோடியே 50 லட்சம் டாலருக்கு, அத ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரே நடத்தற ஒரு லாப நோக்கமில்லாத அமைப்புக்கு கைமாறுச்சு. எச்சில் கொடுத்தவங்க யாரும் இதெல்லாம் நினைச்சு கொடுக்கல.

உங்க வெண்டார் போர்ட்டல்ல செட்டிங்ஸ் உள்ள போனா அக்கவுன்ட் டெலீட்னு ஒண்ணு இருக்கும், அத மட்டும் அழுத்திட்டு வந்துடாதீங்க. அக்கவுன்ட அழிக்கறது வேற, லேப் ஃப்ரீசர்ல இருக்கற உங்க எச்சில் சாம்பிள அழிக்கறது வேற, ஆராய்ச்சி சம்மதத்த திரும்ப வாங்கறது வேற, மூணையும் தனித்தனியா எழுத்துல கேக்கணும். முதல்ல உங்க ரிப்போர்ட்ட டவுன்லோட் பண்ணிக்கோங்க, அப்புறம் ஆராய்ச்சி சம்மதத்த ரத்து பண்ணுங்க, அப்புறம் சாம்பிள அழிக்கச் சொல்லுங்க, கடைசியா அக்கவுன்ட். ஏற்கனவே நடந்து முடிஞ்ச ஆராய்ச்சில சேந்தது திரும்பாது. சில நாட்டு லேப் விதிப்படி டெஸ்ட் ரெக்கார்ட கொஞ்ச வருஷம் வச்சிருக்கணும்பாங்க, அப்படின்னா எந்த தேதி வரைக்கும்னு கேட்டு வாங்குங்க.

இது எல்லாத்தயும் பழைய ஆபீஸ விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி முடிக்கணும், ஏன்னா நிறைய ப்ரோக்ராம்ல லாகின் ஆபீஸ் மெயில் ஐடில இருக்கும், கடைசி நாள் சாயங்காலம் அந்த ஐடி மூடினா அப்புறம் நீங்கதான் அந்த ஆள்னு நிரூபிக்கறதுக்கே அலையணும். போர்ட்டல்ல சொந்த மெயில் ஐடிக்கு மாத்திட்டு, அழிச்சாச்சுன்னு வர்ற மெயில அதுல வாங்கி பத்திரமா வச்சுக்கோங்க.